விம்பிள்டன் வாசலில் பள்ளிப் பிள்ளைகள்

விம்பிள்டன் என்றதும் நம் ஊர் ரசிகர்களின் நினைவுக்கு வருவது ஜூன் கடைசியும் ஜூலை தொடக்கமுமான இரண்டு வாரங்கள்தான். பச்சைப் புல்தரை, வெள்ளைச் சீருடை, கிரீம் ஊற்றிய ஸ்ட்ராபெரி, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வைக்கும் ஐந்து செட் ஆட்டங்கள். அந்த இரண்டு வாரம் போக மற்ற நாட்களில் லண்டன் சர்ச் ரோட்டிலுள்ள அந்த மைதானத்துக்கு இன்னொரு கூட்டம் வருகிறது. ஆசிரியர்கள் முன்னே நடக்க, முதுகில் பை தொங்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்.

போட்டியின் நூற்றாண்டான 1977-ல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2006-ல் அது புதிய கட்டடத்துக்கு மாறியது. மாணவர்களுக்கு அங்கே வெறும் கோப்பை தரிசனம் மட்டும் கிடைப்பதில்லை. வரலாறு, வணிகம், விளையாட்டியல் என்று வகுப்பறையில் படிப்பதையெல்லாம் அந்த ஓர் இடத்தை வைத்தே விளக்கிவிட முடிகிறது. அவ்வளவு செய்தி அந்த மண்ணில் இருக்கிறது.

தொடக்கமே ஒரு கணக்குப் பாடம். 1868-ல் குரோக்கே என்ற புல்தரை விளையாட்டை ஆடுவதற்காக உருவான கிளப் அது. சில ஆண்டுகளில் குரோக்கே மோகம் தணிந்தது. மேஜர் விங்ஃபீல்ட் என்பவர் 1874-ல் காப்புரிமை பெற்ற புல்தரை டென்னிஸ் பரவத் தொடங்கியது. 1875-ல் கிளப்பும் அதற்கு இடம் ஒதுக்கியது. தரையைச் சமப்படுத்தக் குதிரை இழுக்கும் உருளை ஒன்று அவர்களிடம் இருந்தது. அது பழுதாகிப் போனது. செப்பனிடப் பணம் வேண்டும். அதற்காக ஒரு போட்டி நடத்தலாம் என்று 1877 ஜூலையில் இறங்கினார்கள். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். இடுப்பு சிறுத்த உடுக்கை வடிவில் இருந்த விங்ஃபீல்டின் ஆடுகளத்தை ஒதுக்கிவிட்டு, 78 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்ட செவ்வகத்தை விதியாக்கினார்கள். இன்றும் உலகெங்கும் ஒற்றையர் ஆட்டத்துக்கு அதே அளவுதான்.

அந்த முதல் போட்டியில் மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. அரையிறுதி முடிந்ததும் போட்டியை நிறுத்தி வைத்தார்கள். லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டன், ஹாரோ என்ற இரண்டு பள்ளிகளுக்கு இடையே கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. ஊரே அங்கே போய்விடும் என்பது காரணம். பிறகு மழை வந்தது. கடைசியில் ஜூலை 19 அன்று, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து வந்த சுமார் 200 பேர் முன்னிலையில் ஸ்பென்சர் கோர் பட்டம் வென்றார். இன்று உலகமே காத்திருக்கும் விம்பிள்டன், அன்று இரண்டு பள்ளிகளின் ஆட்டத்துக்காகக் காத்திருந்தது.

பெண்களுக்கு 1884-ல்தான் இடம் கிடைத்தது. பதின்மூன்று பேர் ஆடினார்கள். இறுதியில் மாட் வாட்சன் தன் அக்கா லிலியனை வென்றார். மூன்றே ஆண்டில் லாட்டி டாட் வந்தார். 1887-ல் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 15. ஒற்றையர் பிரிவில் இன்றுவரை அவரைவிட இளைய வெற்றியாளர் விம்பிள்டனில் இல்லை. மற்றப் பெண்கள் கணுக்கால் மறையும் பாவாடையில் தடுமாறிக்கொண்டிருந்த காலம். சிறுமி என்பதால் அவருக்குக் கொஞ்சம் குட்டையான பாவாடை அனுமதிக்கப்பட்டது. ஓட முடிந்தது, ஓடினார். மொத்தம் ஐந்து முறை வென்றார். பிற்பாடு கோல்ஃபிலும் ஹாக்கியிலும் தேறி, 1908 ஒலிம்பிக்கில் வில்வித்தைக்கு வெள்ளிப் பதக்கமும் பெற்றார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இதைவிட நல்ல அறிமுகம் விம்பிள்டனில் கிடைக்காது.

ஆனால் பட்டம் வென்றவர்களின் கதை எப்படியும் காதுக்கு வந்துவிடும். பந்து எடுத்துப் போட்டவர்களின் கதையைத்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். இந்த மைதானத்தோடு பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குள்ள மிக நெருக்கமான உறவு அதுதான்.

1920-களிலும் 30-களிலும் விம்பிள்டனின் ‘பால் பாய்’கள் ஷாஃப்ட்ஸ்பரி இல்லங்களிலிருந்து வந்தார்கள். ஆதரவற்ற, ஏழைப் பிள்ளைகளை வளர்த்த அமைப்பு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 முதல், பர்னார்டோ இல்லச் சிறுவர்கள் வந்தார்கள். அதுவும் அதே வகை இல்லம்தான். செல்வந்தர்கள் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மைதானத்தில், தாய் தகப்பன் துணையில்லாத பையன்கள் வலையோரம் குனிந்து நின்றார்கள். ஆட்டத்தின் ஓட்டம் அவர்கள் கையில் இருந்தது. பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அந்தப் பழைய புகைப்படங்களில் ஆட்டக்காரரின் பெயர் தெரியும், பின்னால் நிற்கும் பையனின் பெயர் தெரியாது.

1969-லிருந்து அந்த வேலை சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்களுக்கு வந்தது. 1977-ல் முதன்முறையாகப் பெண் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். முதன்மை ஆடுகளமான சென்டர் கோர்ட்டில் கால் வைக்க அவர்கள் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது ஆண்டுதோறும் சுமார் 250 பேர் தேர்வாகிறார்கள், சராசரி வயது 15. ஆட்ட விதிகளில் எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, பந்தைத் தரையோடு உருட்டும் பழக்கம், அசையாமல் நிற்கும் பொறுமை எல்லாம் பார்ப்பார்கள். பயிற்சி பல மாதம் நடக்கும். ஒரு குழுவில் ஆறு பேர்: வலைக்கு இருவர், நான்கு மூலைக்கு நால்வர். ஒரே மைதானத்தில் ஒரு தலைமுறை இல்லத்துப் பையன்களாகவும் அடுத்த தலைமுறை போட்டி போட்டுத் தேர்வாகும் மாணவர்களாகவும் நின்றிருக்கிறது. இங்கிலாந்தின் சமூக வரலாற்றை இதைவிடத் தெளிவாகச் சொல்ல ஒரு பாடநூலுக்கு நிறையப் பக்கங்கள் தேவைப்படும்.

போர்க்காலம் தனி அத்தியாயம். 1940 முதல் 1945 வரை போட்டி இல்லை. மைதானத்தில் பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். 1940 அக்டோபரில் விழுந்த குண்டு சென்டர் கோர்ட்டில் 1,200 இருக்கைகளை அழித்தது. 1946-ல் அந்தச் சேதம் முழுதும் சீராகும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது.

பணப் பாடமும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 1968-ல் கதவு திறந்தபோது ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு பரிசு, பெண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு. இரண்டும் சமமாக 2007 வரை, 39 ஆண்டு ஆனது. இப்போது வருகிற மாணவர்கள் வாதாட இன்னொரு பொருளும் கிடைத்திருக்கிறது: 147 ஆண்டு வழக்கத்தை முடித்து, 2025-ல் கோட்டு நடுவர்களை நீக்கிவிட்டுக் கேமராக்களிடம் தீர்ப்பை ஒப்படைத்தார்கள். பந்து உள்ளேயா வெளியேயா என்பதில் இயந்திரம் தவறு குறைவாகச் செய்யும். ஆனாலும் இளைஞர்கள் நடுவராகப் பழகி மேலே வர இருந்த படிகளில் ஒன்று போய்விட்டது என்பது நட்டமே.

விம்பிள்டனின் இளையோர் போட்டியில் நமக்கும் பங்கு உண்டு. 1954-ல் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்து சென்னையில் ஆடி வளர்ந்தவர். இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரைத் தோற்கடித்தபோது வயது 17. அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். பெரியவர்கள் பிரிவில் 1960, 61 இரண்டு ஆண்டும் அரையிறுதி வரை போனார். அவர் சிறுவர் பட்டம் வென்று இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1979-ல், அவர் மகன் ரமேஷ் அதே சிறுவர் பட்டத்தை வாங்கினார்.

பள்ளிகள் கிளப்பைத் தேடிப் போன காலம் போக, 2001 முதல் கிளப்பும் பள்ளிகளைத் தேடிப் போகிறது. மெர்ட்டன், வான்ட்ஸ்வொர்த் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்கள் நேரே சென்று டென்னிஸ் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆர்வம் காட்டும் பிள்ளைகளுக்குக் கிளப்பிலேயே இலவசப் பயிற்சி.

பள்ளிக்கும் விம்பிள்டனுக்கும் உள்ள பந்தத்தில் பலருக்குத் தெரியாத பகுதி சர்ச் ரோட்டில் இல்லை. 1877-ன் முதல் போட்டி, மாட் வாட்சனின் வெற்றி, 1908 ஒலிம்பிக்கின் புல்தரை டென்னிஸ் எல்லாம் நடந்தது வொர்ப்பிள் ரோடு மைதானத்தில். ஆடுகளங்களுக்கு நட்ட நடுவில் இருந்ததால் ‘சென்டர் கோர்ட்’ என்ற பெயர் பிறந்ததும் அங்கேதான். கூட்டம் பெருகி இடம் போதாமல் 1922-ல் கிளப் சர்ச் ரோட்டுக்குக் குடிபெயர்ந்தது. பழைய மைதானம் விம்பிள்டன் ஹை ஸ்கூல் என்ற பெண்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது.

விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எஃப்ரா ரோட்டில் பிள்ளையார் கோயிலே இருக்கிறது. பந்து எடுத்துப் போடத் தேர்வாகும் பிள்ளைகள் படிப்பதும் இந்த வட்டாரத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பள்ளிகளில்தான். அங்குள்ள பெற்றோருக்கும், வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும்போது கோப்பைகளோடு திரும்பிவிடாதீர்கள். ஷாஃப்ட்ஸ்பரி, பர்னார்டோ இல்லச் சிறுவர்களைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். கிருஷ்ணனின் 1954-ஐ நீங்களே சொல்லுங்கள்.