மறிச்சுக்கட்டி: முத்துக் கொட்டிலிருந்து மரண உதவிச் சங்கம் வரை

மன்னாரிலிருந்து தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று கரையோரமாகச் சென்றால், வில்பத்துக் காட்டின் வடக்கு விளிம்பில், மோதரகம் ஆற்றுக்கு அண்மையில் மறிச்சுக்கட்டி வரும். இன்று அவ்வழியே போகிறவருக்கு அது வெயிலும் முட்காடும் சிதறிய வீடுகளுமாகத் தெரியும் ஒரு சிற்றூர். அந்த இடத்தில் ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் கூடிய நகரம் ஒன்று இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் இருந்தது. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது இங்கே 300க்கும் மேற்பட்ட படகுகள் கடலில் இறங்கின. குளியாளர் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி என்று நமது பக்கத்தாரும், வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் அவர்களுள் அடக்கம். ஒரே பருவத்தில் 8 கோடி சிப்பிகள் அள்ளப்பட்டன. 'கொட்டு' எனப்பட்ட வேலியிட்ட வளாகத்தில் சிப்பியை மூன்று குவியலாக இடுவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளருக்கு. மறு ஆண்டு இந்தக் கொட்டைக் கண்காணிக்க வந்த இளம் அதிகாரிதான் பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப். பருவம் முடிந்ததும் கிடுகுக் குடிசைகள் பிரிக்கப்படும், நகரம் மறையும். ஊருக்கு மிஞ்சுவது சிப்பி ஓடுகளும் நாற்றமும்!

தொண்டு நிறுவனங்களின் நிதி நெருக்கடி பற்றி எழுத வந்தவன் முத்துக் கதையில் ஏன் இறங்கினேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

இந்தக் கடலின் முத்துச் சலாபம் அரசர்களுக்கும் கம்பனிகளுக்கும் மட்டும் பணம் தரவில்லை, தருமத்துக்கும் தந்தது. குளியாளர் காலில் கட்டி மூழ்கும் கல்லே உரிமையின் அளவாக இருந்த காலம் அது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் என்று வரியில்லா உரிமைகள் இருந்தன. சேதுபதிகள் தமது பங்கிலிருந்து கோயில்களுக்குக் கல் கொடையாக வழங்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் குளித்து எடுத்தது கோயிலுக்கு. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வுரிமைகள் படிப்படியாக ஒழிந்தன.

நிலத்தை மானியமாகப் பெற்ற கோயிலுக்கு ஆண்டுதோறும் நெல் வரும். கல்லை மானியமாகப் பெற்ற கோயிலின் நிலை வேறு. பார்களில் சிப்பி எப்போது வளரும், எப்போது அழியும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. 1838 முதல் 1854 வரை இலங்கைக் கரையில் குளிப்பே இல்லை. 1891க்குப் பிறகு 1903 வரை மீண்டும் வறட்சி. 1906இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற ஆங்கிலேய நிறுவனம், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. 1912இல் கம்பனியே கலைக்கப்பட்டது. பெரிய குளிப்பு என்று சொல்லத்தக்கது கடைசியாக 1925இல் நடந்தது.

வெளியிலிருந்து வரும் பணத்தின் இயல்பை இந்தக் கரை மக்கள் நம்மை விட முன்பே பார்த்துவிட்டார்கள் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

இனி 1990க்கு வருவோம். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் சில நாள் அவகாசத்தில், சில இடங்களில் சில மணி நேரத்தில், வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். தமிழர் வரலாற்றில் நாம் குனிந்த தலையோடு படிக்க வேண்டிய பக்கம் அது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் ஊரைவிட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களுக்கு முதலில் சோறு போட்டது எந்தச் சர்வதேச நிறுவனமும் அன்று. புத்தளத்து மக்களும் பள்ளிவாசல்களுமே. தென்னந்தோப்புக்குள் இடம் கொடுத்தார்கள், கிணறு கொடுத்தார்கள். அரசாங்க உலர் உணவும், உலக உணவுத் திட்டமும், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையமும், அரசு சாரா நிறுவனங்களும் அதன் பின்னரே.

ஆண்டுகள் செல்லச் செல்ல உதவி மெலிந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது உலகத்தின் பணமெல்லாம் கிழக்குக்கும் தெற்குக்கும் பாய்ந்தது. அது தவறன்று; ஆனால் கிடுகுக் கூரையின் கீழ் 14 ஆண்டுகள் கழித்த குடும்பங்களுக்கு, அயலில் ஓராண்டுக்குள் கல்வீடு எழும்புவதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? புத்தளத்து அகதிகளுக்கென உலக வங்கியின் வீடமைப்புத் திட்டம் 2007இல்தான் வந்தது. போர் முடிந்த பின்னரோ, 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் 'புதியவர்', அதற்கு முந்தியோர் 'பழையவர்' என்று பட்டியல் பிரிக்கப்பட்டது. முன்னுரிமை புதியவருக்கு. பழைய அகதியாக இருப்பதும் ஒரு குற்றம் போலாயிற்று.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியலாளர் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இம்மக்களை மறக்கப்பட்டவர்கள் என்றே எழுதினார். 2018இல் மறையும் வரை அவர் திரட்டிய விபரங்கள் இல்லையேல், முசலித் தெற்கின் கதை இன்று வெறும் வாய்வழிச் செய்தியாகவே எஞ்சியிருக்கும்.

நிதி குறைந்த அதே காலத்தில் கட்டுப்பாடும் இறுகியது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ அமைப்புகளின் பதிவையும் மேற்பார்வையையும் வகுத்தது. 1996இல் தோன்றிய அரசு சாரா நிறுவனங்களுக்கான செயலகம் 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. கிடைக்கும் கொடையில் 3 வீதத்தை இலாபமெனக் கருதி வரி விதிக்கும் ஏற்பாடும் வந்தது. (அகதிக்கு வாங்கிய அரிசியில் இலாபம்!) அதே 2010இல் இலங்கை நடுத்தர வருமான நாடு என்ற தகுதியைப் பெற்றதும், 'உங்களுக்கு இனி எதற்கு உதவி?' என்று கொடையாளர் பலர் கைகழுவினர்.

ஊர் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது காடு. இருபது ஆண்டுகள் ஆளில்லாத நிலத்தில் மரம் வளராமல் என்ன செய்யும்? 2012இல் அப்பகுதி நிலங்கள் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் மாவில்லு என்ற பெயரில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் பேணற்காடாயிற்று. வளைகுடாக் கொடையாளர் நிதியில் எழுந்த வீட்டுத்திட்டங்கள் கொழும்புத் தொலைக்காட்சிகளில் 'வில்பத்து அழிப்பு' ஆயின. சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், கல்லாறு வனப்பகுதியில் நடந்த குடியேற்றம் சட்டவிரோதமானது என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சரின் செலவில் மரம் நடப் பணித்தது. காடு வேண்டும் என்போரும் தொண்டர்களே, வீடு வேண்டும் என்போரும் தொண்டர்களே. இதில் யாருடைய பக்கம் முழு நியாயம் என்று எழுதிவிடும் துணிவு எனக்கில்லை. வெளியேற்றப்பட்டவரின் காணி எதுவென்று அளந்து தீர்த்த பின்னர் காட்டின் எல்லையை வரைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

2022இன் பொருளாதார வீழ்ச்சியில் ரூபாயின் மதிப்பு பாதியளவுக்குச் சரிந்தது. 2025இல் அமெரிக்க உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட் மூடப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் அந்தப் பணத்தை நம்பியிருந்த அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன.

இத்தனைக்கும் இடையே ஓர் அமைப்பு மட்டும் ஏன் சாகவில்லை என்று நான் யோசிப்பதுண்டு. முன்னர் புத்தளம் முகாமொன்றில் முசலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அப்பியாசக் கொப்பி ஒன்றைக் காட்டினார். அது அவர்களது மரண உதவிச் சங்கக் கணக்கு. மாதச் சந்தா சில ரூபாய்கள்; ஒருவர் மௌத்தானால் கபன் துணிக்கும் குழி வெட்டவும் அதிலிருந்து பணம். வெளியார் பணம் ஒரு சதமும் அதில் கிடையாது. முகாமில் பெரிய பெயர்ப் பலகையோடு வந்த திட்டங்கள் பல அதற்குள் முடிந்திருந்தன.

"வெளிநாட்டுக்காரர் யாராவது இதற்கும் உதவ வந்தார்களா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க மகன். அறிக்கை எழுதித் தரச் சொன்னாங்க. மையித்தை வச்சிக்கிட்டு எப்படி அறிக்கை எழுதுற?" என்றார்.

கொப்பியின் முதற்பக்கத்தில், புத்தளத்து முகவரிக்கு மேலே, ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருந்தது: மறிச்சுக்கட்டி.