ஆச்சியின் முற்றமும் நமது சரித்திரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிள்ளைகள் ஆச்சியின் மடியில் வளர்ந்தார்கள் என்று பெருமையோடு பேசுவது நம்மவர் வழக்கம். அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மடியைப் பிள்ளைக்கு அண்மையில் வைத்திருந்தது பாசம் ஒன்றுதானா? பாசத்தின் அடியில் நிலம் இருந்தது. நிலத்துக்கு ஒரு வழமையும் இருந்தது.

1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அதற்கு முன்பே மக்களிடையே வழங்கிவந்த உரிமை முறைகளை எழுத்தில் வடித்தது. அம்முறையிலே தாயின் சீதனம் மகளுக்குச் சேரும். வீடும் வளவில் ஒரு துண்டும் பெண்ணுக்குக் கிடைத்தமையால், மாப்பிள்ளை பெண்வீட்டிற் குடிபுகுவது பெருவழக்காயிற்று. ஆகவே பேரப்பிள்ளை தவழ்ந்த முற்றம் பெரும்பாலும் தாயைப் பெற்றவளின் முற்றமே. தகப்பன்மார் மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்த காலத்தில், படிப்புக்கென ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைத் தாங்கியதும் இத்தகைய முற்றந்தான்.

அங்கே பிள்ளை கற்றது கொஞ்சமன்று. பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாக உலர்த்துவது, துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைப்பது, மழைமேகம் பார்த்து விதைப்புக்கு நாள் குறிப்பது ஆகிய யாவும் ஏடும் எழுத்தும் இல்லாமலே தலைமுறைக்குத் தலைமுறை கைமாறின.

ஆயினும் அதே முற்றத்தில் மற்றொரு பாடமும் நடந்தது. தன் அப்புவின் வயதுடைய தொழிலாளியைப் பெயர் சொல்லி அழைக்கவும், படலைக்கு அப்பால் நிற்கும் அவருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கவும் குழந்தை அங்கேதான் பழகியது. சோறூட்டிய கையே சாதியையும் ஊட்டிற்று.

நிலமற்றவர் குடிசையில் நிலைமை என்ன? சீதனமாகக் கொடுக்க அங்கே வளவு ஏது? பிறர் காணியில் ஒதுங்கியிருந்த அக்குடும்பங்களில் ஆச்சியும் கூலிக்குப் போனாள். பேரன் அப்புவின் பின்னே சென்று தொழிலைக் கற்றான். அவர் விழுங்கிய அவமானத்தையும் கண்டான். அரசர் வரிசையையும் பிரதானிகளின் குடியேற்றத்தையும் விரித்துரைக்கும் யாழ்ப்பாண வைபவமாலையில் இம்மக்களின் குரல் இல்லை. அவர்களுடைய சரித்திரம் அவர்களுடைய வாயில் மட்டுமே வாழ்ந்தது.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் திறந்த கதவு தேநீர்க்கடையிலும் கோயிலிலும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலையும் மீறி அது முன்சென்றது. மறு ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றிற்று. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட்டம் மூண்டது. அன்று இருபது வயது இளைஞராக அணிவகுத்தவர்கள் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். அவர்களே இன்றைய அப்புமார். அவர்களே இன்றைய ஆச்சிமார்!

இடையிலே எத்தனை முறிவுகள்! 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 இல் வலிகாமம் வடக்கின் ஊர்கள் வெறிச்சோடின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறினர். சீதன வளவு கட்டிக்காத்த அண்மை குலைந்தது. இன்று எத்தனையோ பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி என்பவள் தொலைபேசித் திரையில் தோன்றி மறையும் முகம்.

எரிந்த நூல்களிற் பலவற்றுக்கு வேறெங்கேனும் மறுபிரதி உண்டு. முதியவரின் நினைவுக்கு மறுபிரதி ஏது?

ஆகவே, ஆசிரியத் தோழர்களே, உங்கள் மாணவரை விடுமுறையிலே முதியவர்களிடம் அனுப்புங்கள். கதை கேட்டுத் தலையாட்டிவர அல்ல, வினாக்களோடு அனுப்புங்கள். “எந்தக் கிணற்றில் நீங்கள் தண்ணீர் அள்ள முடிந்தது? எந்தக் கடையில் இருந்து தேநீர் குடிக்க முடிந்தது?” என்று ஒரு வீட்டில் கேட்கட்டும். “யாரைப் படலைக்கு வெளியே நிறுத்தினீர்கள்? ஏன்?” என்று மறு வீட்டில் கேட்கட்டும். இரண்டாவது கேள்விக்கு ஆச்சி சற்று மௌனமாகலாம். அந்த மௌனத்தையும் பிள்ளை தன் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். இரு வீட்டுப் பிள்ளைகளும் தாம் எழுதியவற்றை ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும் வகுப்பறையிலேதான் நமது மக்களின் சரித்திரம் எழுதப்படத் தொடங்கும்.