இரண்டாம் உலகப் போரும் காவிரி வடகரை வாழ்வும்: தொட்டியம் வட்டாரத்தை முன்வைத்து (1939–1946)

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது திருச்சிராப்பள்ளி மாவட்டம் போர்க்களமாகவில்லை. எனினும் அரிசி, மண்ணெண்ணெய், நாணயம், போக்குவரத்து, கூலி ஆகியவற்றின் வழியே போர் இங்குள்ள குடிமக்களின் அன்றாட வாழ்வை மாற்றியமைத்தது. அம்மாற்றத்தின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. காசாகக் கூலி பெற்றோரே அதனைக் கூடுதலாகத் தாங்கினர் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம் உலகப் போர், தொட்டியம், பங்கீடு, கூலி, பொன்மலை

முன்னுரை

1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலேயே இந்தியா போரில் ஈடுபட்டிருப்பதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். அதனை எதிர்த்து அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணத்தின் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1942 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை நகர மக்கள் வெளியேறினர். இவை பலராலும் எழுதப்பட்டவை. குண்டு விழாத உள்நாட்டு ஊர்களில் போர் எவ்வாறு உணரப்பட்டது என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

அன்று முசிறி வட்டத்தைச் சேர்ந்திருந்த தொட்டியம் இதற்குப் பொருத்தமான களமாகும். ஆற்றோரத்தில் வாழையும் வெற்றிலையும் நெல்லும், உள்பகுதியில் புன்செய்த் தானியங்களும் விளையும் நிலம் இது. ஈரோடு–திருச்சி இருப்புப்பாதை தென்கரையில் குளித்தலை வழியே செல்கிறது. அன்று வடகரைக்குச் சாலையும் பரிசலுமே துணையாக இருந்தன.

கடல் கடந்த வருவாயின் முடிவு

இலங்கை, மலேயா, பர்மா ஆகிய நாடுகளுக்குத் தொழிலாளர்கள் மிகுதியாகச் சென்ற மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. மலேயா, பர்மாவிலிருந்து வந்த மணியார்டர்களும் கடிதங்களும் நின்றுபோயின. பர்மாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் கடல்வழியாகவும் காட்டுவழியாகவும் வெளியேறினர். அவ்வாறு திரும்பியோரின் குடும்பங்களில் வருவாய் நின்ற அதே நேரத்தில் உண்போர் எண்ணிக்கை கூடியது.

இதே இழப்பு சமையலறையையும் எட்டியது. போருக்கு முன் இந்தியா ஆண்டுதோறும் பர்மாவிலிருந்து பதினைந்து லட்சம் டன் அளவில் அரிசி இறக்குமதி செய்துவந்தது. மண்ணெண்ணெயின் பெரும்பகுதியும் அங்கிருந்தே வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் தடைப்பட்டன. பெட்ரோலுக்கு 1941 முதலே பங்கீடு இருந்ததால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. தொடர்வண்டி இல்லாத வடகரையில், விளைந்த வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் சந்தை சேர்வதே சிக்கலாயிற்று எனக் கருத இடமுண்டு.

நாணயமும் கூலியும்

போர்ச் செலவுக்காகப் பணத்தாள் புழக்கம் பெருகியது. 1939 ஆகஸ்டில் ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த புழக்கம், 1945இல் 1,100 கோடியைத் தாண்டியது. அனைத்திந்திய மொத்தவிலைக் குறியீட்டெண், 1939 ஆகஸ்டை 100 எனக் கொண்டால், 1944–45இல் 244ஐ எட்டியது. சில்லறைத் தட்டுப்பாடும் உலோகப் பற்றாக்குறையும் சேர்ந்து, 1943இல் நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணாவைக் கொண்டுவந்தன.

இவ்விடத்தில்தான் கூலியின் வடிவம் முதன்மை பெறுகிறது. அறுவடையில் நெல்லாகக் கூலி அளக்கப்பெற்றவரின் படி, விலை ஏறினாலும் அதே படிதான். தோட்டப் பயிர்களில் காசாகக் கூலி பெற்றவருக்கோ, அதே காசுக்கு வாங்கும் அரிசி நாள்தோறும் குறைந்தது. மறுபுறம், விளைபொருளை விற்கும் நிலவுடைமையாளர் 1930களின் பெருமந்தக் காலத்துக் கடனை மதிப்பிழந்த பணத்தால் அடைக்க முடிந்தது. கிராமக் கடன் குறித்துச் சென்னை அரசுக்காக பி. வி. நாராயணசாமி நாயுடு 1946இல் அளித்த அறிக்கை இதனை உறுதிசெய்கிறது: போர்க்காலத்தில் மாகாணத்தின் மொத்தக் கிராமக் கடன் குறைந்தது; நிலமற்ற கூலியாள்களின் கடனோ கூடியது. மொத்தத்தை மட்டும் காண்போருக்கு இவ்வுண்மை புலப்படாது.

பொன்மலை

மாவட்டத் தலைநகரை அடுத்த பொன்மலையில் இயங்கிய தென்னிந்திய இரயில்வேப் பணிமனையிலும் காசுக்கூலியின் நெருக்கடியே வெளிப்பட்டது. போர்க்காலத்தில் வேலைப்பளு பெருகியது. போர் முடிந்ததும் ஆள்குறைப்பு அச்சம் எழுந்தது. 1946இல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையில் மலபார் சிறப்புக் காவல்படை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அயல்நாட்டுக் களங்களில் போர் ஓய்ந்து ஓராண்டு கடந்தபின், அதன் பொருளாதார விளைவு இங்கே உயிர்ப்பலி கொண்டது.

முடிவுரை

கண்ட்ரோல், ரேஷன், கள்ளச்சந்தை ஆகிய சொற்களைத் தமிழ்ப் பேச்சுவழக்கில் பரவலாக்கியது இப்போரே. உணவுக் கட்டுப்பாடு, இடையில் சிறிது காலம் தளர்ந்தது நீங்கலாக, 1952 ஜூனில் இராஜாஜி அதனை நீக்கும்வரை நீடித்தது. எனவே போர்க்காலக் குடிமக்கள் வரலாற்றுக்கு 1945 ஒரு முடிவெல்லை ஆகாது. அவ்வரலாற்றை எழுதும்போது, பற்றாக்குறை இருந்ததா என்பதோடு நில்லாமல், எவருடைய கூலி எவ்வடிவில் அளக்கப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும். தொட்டியம் போன்ற கலப்புப் பயிர் வட்டாரங்கள் அவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றன.