செருப்பும் தேசப் பாதுகாப்பும்

1975 நவம்பர். ஸ்வீடன் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சிலவகைக் காலணிகளுக்கு இனி கோட்டா. அதற்குமேல் ஒரு ஜோடிகூட உள்ளே வரக்கூடாது.

ஏனய்யா என்று கேட்டால், வந்த பதில்: தேசப் பாதுகாப்பு!

சிரிக்காதீர்கள். சீரியஸாகத்தான் சொன்னார்கள். உள்ளூர்ச் செருப்புத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டால், நாளைக்கே ஒரு யுத்தம் வரும்போது ஜனங்கள் காலில் எதைப் போட்டுக்கொள்வார்கள்? இத்தனைக்கும் 1814-க்குப் பிறகு எந்த யுத்தத்திலும் இறங்காத தேசம் அது.

மற்ற நாடுகள் முணுமுணுத்தன. அதற்குமேல் எதுவும் செய்ய முடியவில்லை. காரணம், 1947-ல் ஜெனிவாவில் உட்கார்ந்து 23 நாடுகள் எழுதிய 'காட்' ஒப்பந்தம்.

இறக்குமதியைத் தடுக்க அதில் சில வாசல்கள் உண்டு. இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஆறாவது விதி, டம்பிங் பற்றியது. தன் ஊரில் நூறு ரூபாய்க்கு விற்கிற சரக்கை உங்கள் ஊரில் அறுபதுக்குக் கொண்டுவந்து கொட்டினால், நீங்கள் கூடுதல் வரி போடலாம். 1904-லேயே கனடா சட்டம் போட்டுவிட்ட பழைய விஷயம்தான். ஆனால் சும்மா போட்டுவிட முடியாது. விலை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். உள்ளூர்த் தொழில் அடி வாங்குகிறது, அதுவும் இந்தச் சரக்கால்தான் என்று நிரூபிக்கவேண்டும். வரியும் அந்த நாற்பது ரூபாயைத் தாண்டக்கூடாது.

இருபத்தொன்றாவது விதியில் இந்த வம்பெல்லாம் கிடையாது. அணுசக்திப் பொருள், ஆயுத வியாபாரம், யுத்தம் அல்லது சர்வதேச நெருக்கடி... இந்த மூன்றில் ஒன்றென்றால், தன் பாதுகாப்புக்கு அவசியம் என்று ஒரு நாடு 'தான் கருதுகிற' நடவடிக்கையை எடுக்கலாம். தான் கருதுகிற! அந்த இரண்டு வார்த்தைகளில்தான் இருக்கிறது சூட்சுமம்.

எழுதியவர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. ரொம்ப இறுக்கினால் நிஜமான ஆபத்தில் ஒரு நாடு கைகட்டி நிற்கும். ரொம்பத் தளர்த்தினால் பாதுகாப்பு என்ற போர்வைக்குள் வியாபாரம் நடக்கும். அமெரிக்கப் பிரதிநிதியே அன்று இப்படிக் கவலைப்பட்டிருக்கிறார்.

அந்த அமெரிக்காதான் 1985-ல் நிகராகுவாவோடு வர்த்தகத்தையே நிறுத்தியது. காரணம், தேசப் பாதுகாப்பு. நிகராகுவா புகார் கொடுத்தது. விசாரணைக் குழுவும் போட்டார்கள். ஒரே நிபந்தனை, அமெரிக்கா சொன்ன காரணம் சரியா தப்பா என்று ஆராயக்கூடாது! நாடி பிடிக்காமல் வைத்தியம் பார் என்றால் வைத்தியர் என்ன செய்வார்?

அடுத்து 2018. அதிபர் டிரம்ப், இறக்குமதி உருக்குக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி போட்டார். அதே காரணம். ராணுவத்துக்குத் தேவைப்படுவது உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 சதவீதம்தான் என்று அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மேட்டிஸே எழுதிக் கொடுத்திருந்தார். சீன உருக்கின்மேல் ஏற்கெனவே டம்பிங் வரிகள் இருந்தன. ஆகவே புது வரியில் பலமாக அடி வாங்கியவர்கள் கூட்டாளிகள். ஜூன் மாதம் முதல் கனடாவும் அதில் சேர்ந்தது. பக்கத்து வீடு, ராணுவக் கூட்டாளி, பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்!

உலக வர்த்தக அமைப்பு சும்மா இருக்கவில்லை. 'தான் கருதுகிற' என்றாலும் நெருக்கடி நிஜமாக இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம் என்று 2019-ல் ரஷ்யா–உக்ரைன் வழக்கில் முதல் முறையாகச் சொன்னது. அங்கே நெருக்கடி நிஜம். ரஷ்யாவின் வாதம் நின்றது. 2022 டிசம்பரில் உருக்கு வழக்கில் அமெரிக்கா தோற்றது.

அப்புறம்? 2023 ஜனவரியில் அமெரிக்கா அப்பீல் போனது. விசாரிக்கத்தான் ஆளில்லை. மேல்முறையீட்டு அமைப்புக்கு நீதிபதிகள் நியமனத்தை அமெரிக்காவே தடுத்துவிட்டதால், 2019 டிசம்பரிலிருந்து அது முடங்கிக் கிடந்தது. தீர்ப்பு அந்தரத்தில் தொங்கியது. 2025-ல் அதே உருக்கு வரி 50 சதவீதமானது.

ஸ்வீடன் கதை என்னாயிற்று என்கிறீர்களா? 1977 ஜூலையில் தோல், பிளாஸ்டிக் செருப்புகளுக்கான கோட்டாவை அவர்களே எடுத்துவிட்டார்கள். யுத்தம் வரவில்லை. வெளிநாட்டுச் செருப்பு வந்தது.