ஆறு சட்டைகள்

கட்டுமாவடிக் கடைத்தெருவில் மீன் ஏலம் முடிந்த நேரம். தேநீர்க் கடை பெஞ்சில் என் எதிரே இருந்த படகுத் தொழிலாளி, இதுவரை எத்தனை படகு ஏறி இறங்கினார் என்று விரல் விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்துவிட்டன. "கூப்பிட்ட படகுல போறதுதானே அண்ணே தொழிலு?" என்றார். எனக்கு என்னவோ தினேஷ் கார்த்திக்கின் ஞாபகம் வந்தது.

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் உத்தியோகம் பொல்லாதது. பந்து வீச நாலைந்து பேருக்கு இடம் உண்டு. மட்டை பிடிக்க ஆறேழு பேருக்கு உண்டு. கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் குந்த ஒருவருக்குத்தான் இடம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லிக்கொண்டு கையால் எறிந்து ஆடுகிறார்களே, அதில் குவார்ட்டர்பேக்கின் கதியும் இதேதான். ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் 2005 முதல் 2021 வரை ஒன்பது அணிகளில் குடித்தனம் நடத்தினார்.

1985-இல் பிறந்த கார்த்திக், 19 வயதில், 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக முதன்முதலாக இறங்கினார். அன்றே மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்தார். யாருக்கும் வாய்க்காத தொடக்கம். அதே வருஷம் டிசம்பரில் ராஞ்சியிலிருந்து நீண்ட தலைமுடியோடு ஒருவர் வந்து சேர்ந்தார். மகேந்திர சிங் தோனி. 2005 டிசம்பரில் அவர் முதல் டெஸ்ட் ஆட, கார்த்திக் வெளியேறினார். எந்த ஊரில் என்கிறீர்கள்? கார்த்திக்கின் சொந்த ஊரான சென்னையில், சேப்பாக்கத்தில்! நான் இப்படி ஒரு கட்டத்தை எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

வீட்டில் இடமில்லையென்றால் திண்ணையில் படுப்பதுபோல, அவர் தொடக்க ஆட்டக்காரராக மாறினார். 2007-இல் இங்கிலாந்தில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றபோது, நம் பக்கத்தில் அதிக ஓட்டம் எடுத்தவர் அவர்தான்: 263. ஆனாலும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில்தான் கிடைத்தது. நடுவே இந்தியா 87 டெஸ்டுகள் ஆடிவிட்டது. மொத்தக் கணக்கு 26 டெஸ்டோடு நின்றது.

ஐ.பி.எல். வந்தபோது சென்னை அணி ஏலத்தில் எடுத்ததும் தோனியைத்தான். கார்த்திக் டில்லிக்குப் போனார். பிறகு பஞ்சாப், மும்பை, மறுபடி டில்லி, பெங்களூர், குஜராத், கொல்கத்தா, மறுபடி பெங்களூர். ஆறு அணிகள், ஆறு சட்டைகள். சென்னையின் மஞ்சள் சட்டை மட்டும் கடைசிவரை இல்லை. 2014-இல் அவருக்கு விலை பன்னிரண்டரைக் கோடி. 2016-இல் இரண்டு கோடி முப்பது லட்சம். இரண்டே வருஷத்தில் மனிதர் அத்தனை தேய்ந்துவிட்டாரா என்ன? ஏலத்தைப் பற்றிக் கட்டுமாவடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

2018 மார்ச் 18, கொழும்பு. வங்காள தேசத்தோடு இறுதி ஆட்டம். கார்த்திக் இறங்கும்போது 12 பந்தில் 34 ஓட்டம் வேண்டும். தம்மை முன்கூட்டியே அனுப்பவில்லையே என்ற கோபம் வேறு அவருக்கு. முதல் பந்திலேயே சிக்ஸர். அந்த ஓவரில் மட்டும் 22. கடைசிப் பந்தில் ஐந்து வேண்டியிருந்தது. எக்ஸ்ட்ரா கவர் பக்கம் தட்டையாகப் பறந்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தது. எட்டுப் பந்தில் 29. பதினாலு வருஷக் காத்திருப்புக்கு எட்டுப் பந்து போதுமா என்று கேட்டால், எனக்குப் போதாது. அவருக்குப் போதுமோ என்னவோ.

2022-இல் 37 வயதில் உலகக் கோப்பைக்கும் போனார். 2024 மே மாதம் ஆமதாபாத்தில் பெங்களூர் தோற்ற அன்று கையுறையைக் கழற்றிப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி வந்தார். மறு வருஷம் அதே ஆமதாபாத்தில் அதே அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது, அவர் அதன் பேட்டிங் பயிற்சியாளர்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை படகுத் தொழிலாளி தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொந்த ஊர்ப் படகுல ஒருநாள்கூட ஏத்தலையா அண்ணே?" என்றார்.