கடலிடை வழங்கல்: இலங்கைக் கடல்களில் அதன் சரித்திரம்

யுத்தக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குத் திரும்பாமலே தனக்கு வேண்டிய எரிபொருள், குடிநீர், உணவு, வெடிமருந்து ஆகியவற்றை நடுச்சமுத்திரத்தில் சரக்குக் கப்பலிடமிருந்து பெற்றுக்கொள்ளும் முறை, பாய்மரம் போய் நீராவி வந்த காலத்தின் அவசியத்தால் பிறந்ததாகும். காற்றை நம்பிய கப்பல் உணவும் நீரும் தீருமளவும் கடலில் சஞ்சரிக்கலாம். நிலக்கரியை நம்பிய கப்பலோ சில தினங்களுக்கொருமுறை கரையை நாடியாக வேண்டும். இலங்கையைச் சூழ்ந்த கடல்களில் இந்தத் தளையை அறுக்கும் வித்தையை, திருகோணமலையையும் கொழும்பையும் கைவசம் வைத்திருந்த பிரித்தானியரைக் காட்டிலும், இப்பிராந்தியத்தில் ஒரு துறைமுகமும் இல்லாத அவர்களுடைய சத்துருக்களே முந்திப் பயன்படுத்தினர் என்பது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது.

1914 செப்டம்பரில் கார்ல் வொன் முல்லரின் தலைமையில் வங்காள விரிகுடாவினுள் நுழைந்த எம்டன் என்னும் ஜேர்மன் யுத்தக் கப்பல், மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலைக் கூடவே அழைத்துவந்தது. அலை சற்றே தணிந்த இடத்தில் இரு கப்பல்களும் பக்கத்தோடு பக்கமாகப் பிணைக்கப்படும். கரி மூட்டை மூட்டையாக மாற்றப்பட்டு, அறைகள் நிறைந்தபின் மேல்தளத்திலும் குவிக்கப்படும். கரித்தூளும் வியர்வையும் அப்பிய மாலுமிகள் இவ்வேலையில் ஆழ்ந்திருக்கையில் பகைக்கப்பல் ஒன்று தோன்றுமாயின், கட்டவிழ்க்கவும் அவகாசம் போதாது. சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் செப்டம்பர் 22ஆந் தேதி இரவு கொளுத்திவிட்டு இலங்கையைச் சுற்றி மேற்கே வந்த எம்டன், 27ஆந் தேதி ப்யூரெஸ்க் என்ற கப்பலைப் பிடித்தது. அதிலிருந்தது ஹொங்கொங்கிலுள்ள பிரித்தானியக் கடற்படைக்கென்று அனுப்பப்பட்ட ஏறத்தாழ 6,600 தொன் வேல்ஸ் நிலக்கரி; அன்றுமுதல் அது எம்டனின் களஞ்சியமாயிற்று. அதே மாதத்தில் கல்கத்தாவிலிருந்து தேயிலை ஏற்றிவந்த டிப்ளொமட் என்னும் கப்பலையோ அவர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தார்க்கு இந்த மதிப்பீடு கசக்கலாம். ஆனால் கொதிகலனுக்குக் கொழுந்தினால் பிரயோஜனமில்லை.

அக்டோபர் 9ஆந் தேதி தியேகோ கார்சியாத் தீவில் ஒதுங்கி ப்யூரெஸ்க்கிலிருந்து கரி ஏற்றியபோது, யுத்தம் மூண்ட செய்தியே எட்டியிராத அத்தீவார் ஜேர்மானியரை விருந்தினராக ஏற்றுப் பன்றியும் மீனும் பழமும் கொடுத்தனர். எம்டனின் வினைஞர் அவர்களுடைய இயந்திரப் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்தனர். அதற்குச் சில நாட்களுள், சுமத்திராவை அடுத்து, மார்க்கோமானியாவை யார்மத் என்னும் பிரித்தானியக் கப்பல் மூழ்கடித்தது. எம்டனின் முடிவும் வழங்கலோடு ஒட்டியே வந்தது. நவம்பர் 9ஆந் தேதி கொக்கோஸ் தீவருகே நின்று, கரி எடுக்க ப்யூரெஸ்க்கைக் கம்பியில்லாத் தந்தியால் அழைத்துக் காத்திருந்தவர்கள், தூரத்தே எழுந்த புகையை ப்யூரெஸ்க்கினது என்றே எண்ணினர். வந்ததோ ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் யுத்தக் கப்பல்.

கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தபின் வேலை இலகுவாயிற்று. மூட்டை சுமப்பதற்குப் பதில் குழாய் நீட்டினால் போதும். பிரித்தானியர் 1906இலேயே பெட்ரோலியம் என்ற தாங்கிக் கப்பலைக் கொண்டு பரீட்சை செய்தாராயினும், அதை மேலும் வளர்க்க ஊக்கங்கொள்ளவில்லை. திருகோணமலையில் சீனன்குடாவை அடுத்த காட்டினுள் ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டி வைத்தவர்க்கு நடுக்கடலில் குழாயோடு போராடும் தேவை தோன்றாதது இயல்பே. அமெரிக்கரோ 1917இல் மௌமீ என்னும் எண்ணெய்க் கப்பலிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் நாசகாரிக் கப்பல்களுக்கு எண்ணெய் வார்த்தனர். அவ்வேற்பாட்டில் முக்கிய பங்கு வகித்த செஸ்டர் நிமிட்ஸ், பின்னாளில் பசிபிக் கடற்படையின் தலைவரானார்.

துறைமுகத்தை நம்பியதன் விலை 1942 ஏப்ரலில் தெரிந்தது. மார்ச் 26ஆந் தேதி செலிபிஸ் தீவிலிருந்து புறப்பட்ட ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் வழியிலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு வந்தன. அவற்றைத் தென்கிழக்குக் கடலில் ஏப்ரல் 4ஆந் தேதி கனேடிய விமானி பர்ச்சோல் கண்டு அறிவித்த நேரத்தில், பிரித்தானியக் கீழைக் கடற்படையோ, பழைய யுத்தக் கப்பல்களில் நன்னீர் அருகிவிட்டமையால், மாலைதீவின் அட்டுத் தீவில் நீரும் எண்ணெயும் எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பும், 9ஆந் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கியான ஹேர்மெஸ் மூழ்கிய அதே நாளில் அத்தெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது.

 

1945 ஜனவரியில் பிரித்தானியரும் இக்கடல்களில் இவ்வித்தையைக் கையாண்டனர். சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தாக்கத் திருகோணமலையிலிருந்து சென்ற பிரித்தானியக் கடற்படைத் தளபதி வியனின் கப்பல்கள், முன்னதாக அனுப்பப்பட்ட தாங்கிக் கப்பல்களைக் கடலில் சந்தித்து எண்ணெய் பெற்றன. கடல் கொந்தளித்தபோது குழாய்கள் அறுந்தன, வேலை நீண்டது. அத்தாங்கிகளுள் எம்பயர் சால்வேஜ் என்பது 1941இல் ஜேர்மானியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட லோத்ரிங்கன் ஆகும். அதிலிருந்த ரப்பர்க் குழாய்களும் உபகரணங்களும் பிரித்தானியர்க்குப் பாடமாயின.

இன்று வழங்கும் கப்பலும் பெறும் கப்பலும் சில பத்து மீற்றர் இடைவெளியில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடும். துப்பாக்கியால் எறியப்படும் மெல்லிய நூலைப் பிடித்து இழுக்க, அதன் பின்னே கயிறும், கயிற்றின் பின்னே உருக்குக் கம்பியும், கம்பியில் தொங்கியபடி குழாயும் வந்து சேரும். இரண்டுக்கும் இடையே நெருக்குண்டு விரையும் நீர் கப்பல்களை ஒன்றையொன்று நோக்கி இழுப்பதால், சுக்கான் பிடிப்பவர் கணமும் கண்ணயரலாகாது.

1957இல் பிரித்தானியர் திருகோணமலையை விட்டு நீங்கினர். இப்பொழுது இக்கடல்களில் இவ்வேலைக்கு இந்தியக் கடற்படை 2011இல் சேர்த்துக்கொண்ட தீபக், சக்தி என்னும் கப்பல்கள் உள்ளன. அவையும் அருகில் இல்லாதவிடத்து, 2020 செப்டம்பரில் வட அரபிக் கடலில் தல்வார் என்ற இந்தியக் கப்பலுக்கு அமெரிக்கக் கடற்படையின் யூக்கொன் எண்ணெய் வழங்கியதுபோல, அந்நிய நாட்டின் தாங்கிக் கப்பலும் உடன்படிக்கையின்பேரில் உதவிக்கு வருகிறது.