பெரியாற்றுச் சுரங்கம்

பெரியாற்றுச் சுரங்கம் என்பது முல்லைப் பெரியாறு அணையில் தேங்கும் நீரை மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் துளைத்து, தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுவரும் நீர்வழியாகும். இதன் நீளம் 5,704 அடி. அதாவது ஏறத்தாழ 1.7 கி.மீ. அகலம் 12 அடி, உயரம் 7½ அடி. 1887 முதல் 1895 வரை நடந்த பெரியாற்றுத் திட்டத்தின் பகுதியாக இது வெட்டப்பட்டது. முல்லைப் பெரியாறு பற்றிய பேச்சு பெரும்பாலும் அணையைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் சுரங்கம் அமைந்த மட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

தேவை

பெரியாறு மலையின் மேற்குச் சரிவில் ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையால் அதற்கு நீர் மிகுதி. அதே மலையின் கிழக்கே உள்ள வைகைச் சமவெளி மழைமறைவுப் பகுதி. மலை முகட்டின் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியும் இருப்பதைக் கண்டவர்கள், மேற்கு நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று நெடுங்காலம் ஆராய்ந்தனர்.

தொடக்க முயற்சிகள்

இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சரான முத்திருளப்ப பிள்ளை 1789இல் ஆட்களை மலைக்கு அனுப்பி இதற்கான வாய்ப்பை ஆராய்ந்தார். 1808இல் இடத்தைப் பார்வையிட்ட ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி, இது நடவாத கனவு என்று அறிக்கை தந்தார். 1850இல் சிறு அணை ஒன்றைக் கட்டும் வேலை தொடங்கியது. காய்ச்சல் பரவியதாலும் கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டதாலும் அது நின்றது. 1867இல் ரைவ்ஸ் என்பவர் 62 அடி உயர மண் அணைக்குத் திட்டம் அளித்தார். பின்னர் வந்த 1876–78 பெரும் பஞ்சம் இத்திட்டத்தின் அவசியத்தை உணர்த்தியது. 1882இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அணை திருவிதாங்கூர் மண்ணில் அமைய வேண்டியிருந்ததால், 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய் குத்தகையாக முடிவாயிற்று.

சுரங்கத்தின் மட்டம்

மலையைத் துளைத்து நீர் கொண்டுவரும்போது பொறியாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, துளை எந்த மட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதே. மலை அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகலாகவும் இருக்கும். எனவே துளை தாழ்வாக இருந்தால் அணை உயரமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் சுரங்கம் நீளும், செலவும் காலமும் கூடும். துளை உயரத்தில் இருந்தால் சுரங்கம் குறுகும். ஆனால் நீரை அந்த மட்டத்துக்கு ஏற்ற உயரமான அணை வேண்டும்.

பென்னிகுயிக்கின் திட்டத்தில் இரண்டாவது வழி அமைந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் உயரமான அணை எழுந்தது. ஏரியின் நீர், தேக்கடியில் பாறையை வெட்டி அமைத்த திறந்த வாய்க்கால் வழியே சுரங்க வாயை அடைகிறது. அணையின் நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் தமிழ்நாட்டுக்கு நீர் எடுக்க முடியும். அதற்குக் கீழே தேங்கும் நீர் பாசனத்துக்குப் பயன்படாது.

கட்டுமானம்

அடர்ந்த காட்டில், யானைகளும் மலேரியாவும் நிறைந்த சூழலில் வேலை நடந்தது. தொடக்க காலத்தில் எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது. சுரங்கத்துக்காகக் கடினமான பாறையைத் துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்து, கல்லை வெளியே அள்ள வேண்டியிருந்தது. கட்டுமானக் காலத்தில் நோயால் 483 பேர் இறந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. அணைக்கு அருகில் அவர்களுக்கான கல்லறைகள் உள்ளன. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திட்டத்தைத் திறந்துவைத்தார்.

நீரின் பாதை

சுரங்கத்தைக் கடந்த நீர் வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேர்கிறது. 1959 முதல் வைகை அணை அதைத் தேக்கி வைக்கிறது. அங்கிருந்து இறங்கும் நீர் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை வட்டத்தில் உள்ள பேரணையை அடைகிறது. பெரியாறு முதன்மைக் கால்வாய் தொடங்கும் இடம் இதுவே. திண்டுக்கல் நகரின் குடிநீர் ஆதாரங்களில் பேரணையும் ஒன்று. 1950களின் இறுதியில் லோயர் கேம்பில் மின்நிலையம் அமைந்தபின், மலையிலிருந்து இறங்கும் இதே நீர் மின்சாரமும் தருகிறது.

குடிநீர்க் குழாய்

வயலுக்காக வெட்டிய சுரங்கத்தை இப்போது நகரங்களும் நம்பியிருக்கின்றன. மதுரை மாநகராட்சிக்காக அம்ருத் திட்டத்தின் கீழ் லோயர் கேம்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலான குழாய்வழி திட்டமிடப்பட்டது. நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் நீரைப் பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து மதுரைக்குக் கொண்டு செல்வது இதன் நோக்கம். ஆற்றில் விட்டால் வழியில் வீணாகும் நீர் குழாயில் மிச்சமாகும் என்பது திட்டத்துக்கு ஆதரவான வாதம். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இதை எதிர்த்தனர். அங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஆற்றில் ஓடும் நீர் நிலத்தடி நீரையும் ஊறவைக்கிறது. ஆகவே மதுரைக்கு வேண்டிய நீரை வைகை அணையிலிருந்து எடுக்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இன்றைய நிலை

அணையின் முழுக் கொள்மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறி, 2014இல் அதை உறுதி செய்தது. சுரங்க வாய் 104 அடியில் இருப்பதால், 136 அடி என்றால் பயன்படும் நீரின் ஆழம் 32 அடி. 142 அடி என்றால் 38 அடி. ஆறு அடிக்காக நடந்த நீண்ட வழக்கின் பொருள் இந்தக் கணக்கில் தெளிவாகும். ஏரி மேலே செல்லச் செல்ல அகன்று விரிவதால், அந்த ஆறு அடியில் தேங்கும் நீரின் அளவு இன்னும் அதிகம்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு, மாற்று வழிகளில் ஒன்றாக 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் வெட்டுவதைக் குறிப்பிட்டது. அப்படி வெட்டினால் அணையில் குறைந்த மட்டத்தில் நீர் இருந்தாலும் தமிழ்நாடு அதை எடுத்துக்கொள்ள முடியும். கீழ்ப்பகுதி மக்களின் அச்சமும் குறையக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செலவையும் பாறையையும் கணக்கிட்டு முடிவு செய்த ஒரு மட்டம், இரு மாநிலங்களின் உறவில் இன்றும் அளவுகோலாக இருக்கிறது.